இரண்டு பேருக்கு ஆறு நாள்

அன்புள்ள அஷ்வின்,

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில் உன்னிடம் நான் பேசியதையெல்லாம் முதலில் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கல்யாணம் முடிந்த கையோடு நீயும் பவித்ராவும் பிகோ தீவுக்குப் போகப்போவதாகச் சொன்னாய். பத்து நாள், இரண்டே பேர், முதுகில் ஆளுக்கொரு பை, தங்கும் இடத்தைக்கூட அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம் என்றாய். நான் உன்னை முடிக்க விடவில்லை. நானும் வருகிறேன் என்றேன். காப்பெல் ஊரிலிருந்து பவித்ராவின் அப்பா அம்மா, அவள் சித்தப்பா குடும்பம், எல்லாரும் வரட்டும் என்றேன். உங்கள் திட்டம் அவள் வீட்டுக்கு முன்பே தெரிந்து, சம்பந்தி அன்று காலையிலேயே என்னைக் கூப்பிட்டிருந்தார். "சின்னஞ்சிறுசுங்க தனியா போயி அந்தத் தீவுல என்ன பண்ணும் சம்பந்தி? நாமளும் போலாம். ரெண்டு வேன் போட்டா ஆச்சு" என்று அவர் சொன்னதையும், "அதானே" என்று நான் ஆமோதித்ததையும் உனக்கு ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். நீ "ஷ்யூர், அப்பா" என்றாய். நான் சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டு, எந்த வேனில் யார் யார் என்று பெயர் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் அந்த "ஷ்யூர்" பற்றியது. தமிழில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். முப்பத்திரண்டு வருடம் அமெரிக்காவில் இருந்தும் இங்கிலீஷில் எனக்கு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்தான் எழுத வருகிறது. அதில் எது எப்படிப் போனாலும் எல்லாம் நன்றாகப் போகிறது என்றுதான் முடிப்பேன். நீ ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அழுதுகொண்டே படித்தவன், எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுவாய். முடியாத இடத்தில் பவித்ராவை வாசித்துக் காட்டச் சொல். அவளும் கேட்க வேண்டிய விஷயம்தான் இது.

எத்தனையோ இடம் இருக்க ஏன் பிகோ என்று அன்று உன்னைக் கேட்டேன். "அம்மா வாஸ் ஹாப்பியஸ்ட் தேர், ரைட்? நீங்கதானே சொன்னீங்க" என்றாய். ஆமாம், நான்தான் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன் உன் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, வெஸ்ட் வின்ட்சரில் நம் வீட்டு ஹாலில் எல்லாரும் கூடியிருந்த அன்று, அந்தத் தீவில் எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக்கி மாலை போட்டு வைத்திருந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். பதினான்கு பேர், பதினான்கு மஞ்சள் டீ-ஷர்ட், பின்னால் மேகம் சுற்றிய ஒரு கறுப்பு மலை. ஓரத்தில் உன் அம்மா, கையில் வடைத் தட்டோடு. "உமாவோட வாழ்க்கையிலயே இதுதான் ரொம்ப சந்தோஷமான வாரம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாய். அஷ்வின், நான் சொன்னது பொய். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை, நானே நம்பிய பொய். ஆனால் அதை நம்பி நீ உன் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகப்போகிறாய். அதற்கு முன்னால் நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

உன் அப்பாவைப் பற்றி உனக்கே தெரியும். நான்கு பேர் சேராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சங்கத்துப் பிக்னிக் என்றால் கரி அடுப்பு என் காரில்தான் போகும். யாருக்காவது ஏர்போர்ட் போக வேண்டுமென்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதையெல்லாம் ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். கல்யாணமாகி நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு படுக்கையறை அபார்ட்மென்ட்டில், வெளியே பனி, உள்ளே நானும் உன் அம்மாவும் மட்டும். சாயங்காலம் ஆனால் எனக்கு என்னவோ மாதிரி இருக்கும். அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாது. பேசாமல் இருக்கவும் தெரியாது. அதனால் ஆபீஸில் கல்யாணமாகாமல் இருந்த பையன்கள் யாரையாவது தினம் சாப்பாட்டுக்கு அழைத்து வந்துவிடுவேன். ஒருநாள் யாரும் கிடைக்கவில்லை, தனியாக வந்தேன். கதவைத் திறந்தவள் என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு யாரும் வரலையா?" என்று கேட்டாள். பாவம், ஏமாந்துவிட்டாள் என்று நினைத்து, உடனே கீழ்வீட்டுக்காரரைப் போய் அழைத்து வந்தேன். அவள் எந்தக் குரலில் அதைக் கேட்டாள் என்று இந்த மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு இருபத்தைந்து வருடத்தில் நாங்கள் இரண்டு பேராக எங்கேயும் போனதில்லை. லீவு சேர்ந்தால் சென்னை. அங்கே போனால் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி. அங்கிருந்து யாராவது வந்தால் நயாகரா. நயாகராவை நாம் ஐந்து முறை பார்த்திருக்கிறோம், ஐந்து முறையும் விருந்தாளிக்காக. மூன்றாவது முறை உன் அம்மா காரை விட்டே இறங்கவில்லை, புளியோதரைப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். காரில் நானும் அவளும் மட்டும் கடைக்குப் போனால்கூட, ஸ்பீக்கரில் யாரையாவது கூப்பிட்டுப் பேசிக்கொண்டே ஓட்டுவேன். நீ பின் சீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தப்பித்தாய். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

அவள் மருந்துக் கடை கவுன்டரில் நாள் முழுவதும் நின்று வேலை பார்த்தவள். வீட்டுக்கு வந்தால் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, நூலகத்திலிருந்து எடுத்து வந்த பயணப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருப்பாள். திருப்பிக் கொடுப்பாள், மறுபடி அதையே எடுத்து வருவாள். நான் அது என்ன புத்தகம் என்று கேட்டதில்லை. எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு நான்கு மாதம் இருக்கும்போது, அப்படிக் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டே சொன்னாள். "நம்ம இருபத்தஞ்சாவது வருஷத்துக்கு ஒரு எடம் புக் பண்ணியிருக்கேன். ஆறு நாள். நீங்க லீவு மட்டும் போட்டுடுங்க." எங்கே என்று கேட்டேன். "பிகோன்னு ஒரு தீவு. போர்ச்சுகலைச் சேந்தது. எரிமலைக் கல்லுக்கு நடுவுல திராட்ச போடறாங்களாம். கடல் ஓரமா நடக்கறதுக்குப் பாதையெல்லாம் இருக்காம்." எனக்குச் சிரிப்பு வந்தது. "திராட்சத் தோட்டத்துல நமக்கென்ன வேல? நாம என்ன குடிக்கவா போறோம்?" என்றேன். "பாக்கறதுக்கு" என்றாள். யார் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். "நாமதான்" என்றாள். அவள் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் அவள் எவ்வளவு ஆசையாகச் சொன்னாள் என்று நான் கவனிக்கவில்லை.

மறுநாள் மதியம், ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு, நம் நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். நாங்கள் இப்படி ஒரு தீவுக்குப் போகிறோம், வருகிறவர்கள் கை தூக்கலாம் என்று. சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கு ஒரு சர்ப்ரைஸ் கொடுப்பதாகத்தான் நினைத்தேன். இருபத்தைந்தாவது வருடத்தை இரண்டு பேர் மட்டும் எப்படிக் கொண்டாடுவது? ஒரு மணி நேரத்தில் பாலு அங்கிள் "எங்களையும் சேத்துக்கோப்பா" என்று எழுதினார். சாயங்காலத்துக்குள் மூன்று குடும்பம், பன்னிரண்டு பேர். வீட்டுக்கு வந்து இதை நல்ல செய்தியாக உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு நிமிடம் நின்றது. பிறகு "சரி" என்றாள். "அவ்ளோ பேருக்கு நான் பாத்த எடம் பத்தாது. அத கேன்சல் பண்ணிட்டு பெரிய வீடா வேற பாக்கறேன்" என்றாள். இவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஒருவர் ஆசைப்பட்ட ஒன்று அப்படியே போயிற்று, எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

நீ அப்போது காலேஜில் இருந்தாய், வரவில்லை. உனக்குப் படங்கள் மட்டும்தான் தெரியும். மஞ்சள் டீ-ஷர்ட் என் யோசனை. கூட்டத்தில் யாரும் தொலைந்துபோகக் கூடாது என்று. தீவில் இறங்கியபோது எங்களிடம் இரண்டு ரைஸ் குக்கர், ஒரு பிரஷர் குக்கர், இருபது பவுண்டு அரிசி, நாலு வகைப் பொடி இருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீடு. எதிரே கடலுக்கு அப்பால் இன்னொரு தீவு தெரியும். உன் அம்மா அதைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். காலையில் பதினான்கு பேருக்கு இட்லி, மதியத்துக்குக் கலந்த சாதம் கட்டியாக வேண்டும். மற்றப் பெண்களும் கூடமாட ஒத்தாசை செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாரும் நல்ல மனிதர்கள், இன்றைக்கும் எனக்கு ஒன்றென்றால் ஓடி வருகிறவர்கள். நான்தான் அவர்களை அவள் கைக்குள் இருந்த ஆறு நாளுக்குள் கொண்டுபோய் இறக்கினேன்.

நான் ஒவ்வொரு இடத்துக்கும் நேரம் ஒதுக்கி அட்டவணை போட்டிருந்தேன். திராட்சைத் தோட்டத்துக்கு இருபது நிமிடம். நாம் யாரும் குடிக்கப்போவதில்லை, அதற்கு மேல் அங்கே என்ன இருக்கிறது என்ற கணக்கு. நான்காம் நாள் காலை இரண்டு வேனும் அங்கே போய் நின்றன. அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததே இல்லை, உண்மையைச் சொல்கிறேன். கடல் வரைக்கும் இடுப்பளவுக் கறுப்புக் கல் சுவர்கள், சின்னச் சின்ன அறை கட்டினாற்போல, ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு அறைக்குள்ளும் நாலைந்து கொடி, மண்ணே இல்லாத கல்லில் தரையோடு தரையாகப் படுத்திருந்தன. காற்றிலிருந்தும் உப்பிலிருந்தும் காப்பாற்ற அந்தச் சுவர் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. எல்லாரும் சுவர் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டோம். திரும்ப வேனில் ஏறி எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று பேர்தான் இருந்தார்கள். உன் அம்மாவைக் காணோம்.

ஐந்து நிமிடம் பார்த்தேன். பாலு அங்கிள் பின் வேனிலிருந்து, "அண்ணி தெராட்ச பறிக்கப் போயிட்டாங்க போல" என்று கிண்டல் செய்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அடுத்து எரிமலைக் குகைக்கு டிக்கெட் நேரம் போய்க்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தேன். ஒரு தடவை இல்லை. கையை எடுக்காமல் அடித்தேன். அந்த அமைதியான இடத்தில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில், சுவர்களுக்கு நடுவே, ஒரு மஞ்சள் டீ-ஷர்ட் ஓட்டமும் நடையுமாக வந்தது. ஐம்பது வயதுப் பெண், முழங்கால் வலியோடு, கல்லில் தடுக்கித் தடுக்கி ஓடி வந்தாள். கையெல்லாம் கறுப்புத் தூசி. ஏறி உட்கார்ந்ததும், எல்லார் காதிலும் விழும்படி, "இத்தன பேர் வெயிட் பண்றாங்க, உனக்குக் கொஞ்சமாவது இருக்கா?" என்று கேட்டேன். "சாரி" என்று மற்றவர்களிடம் சொன்னாள். என்னிடம் "சரி" என்றாள். எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை. அன்று மட்டுமில்லை, அதற்குப் பிறகு அவள் இருந்த ஐந்து வருடமும் கேட்கவில்லை.

உன் அம்மாவுக்கு நோய் வந்து நான்கே மாதம். அந்த நான்கு மாதமும் நம் வீடு எப்படி இருந்தது என்று நீயே பார்த்தாய். காலையில் ஒருவர் ரசம் கொண்டுவருவார், மதியம் ஒருவர் கஞ்சி, சாயங்காலம் பஜனைக்கு ஒரு கூட்டம். அவளை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடவில்லை என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கடைசி மாதத்தில் ஒருநாள் மதியம் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கதவச் சாத்திட்டு, கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்களேன்" என்றாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது, அஷ்வின். அவள் மூச்சு விடுவது மட்டும்தான் கேட்டது. வாசலில் மணி அடித்தது. அப்பாடா என்று எழுந்து போனேன். அந்த அப்பாடாவை இன்று வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

இதற்கெல்லாம் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமை போனே சாட்சி. திங்கட்கிழமை காலை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் நாங்கள் தங்கிய அந்தப் பெரிய வீட்டின் விலாசம் வேண்டும் என்று உன் அம்மாவின் லேப்டாப்பைத் திறந்தேன். இந்தமுறை சம்பந்தி வீட்டாரையும் அங்கேயே இறக்கிவிடலாம் என்று. அவளுடைய மெயிலில் தீவின் பெயரைப் போட்டுத் தேடினால், பெரிய வீட்டுக்கு முன்னால் வேறொரு பெயர் வந்தது. தெரேசா. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சிவப்புக் கதவு போட்ட ஒரு கல் வீடு வைத்திருக்கும் பெண்மணி. ஒரே அறை. வாசலில் கடலைப் பார்த்து இரண்டு நாற்காலி. உன் அம்மா முதலில் புக் செய்தது அந்த வீட்டைத்தான். இரண்டு பேர், ஆறு நாள் என்று போட்டிருந்தாள். கேன்சல் செய்தபோது, ஏதாவது குறையா, ஏன் வரவில்லை என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். உன் அம்மா எழுதிய பதிலை என் தமிழில் சொல்கிறேன். "உங்கள் வீட்டில் குறை இல்லை. என் கணவருக்கு நான்கு பேர் இருந்தால்தான் சந்தோஷம். என்னோடு மட்டும் இருந்தால் தவித்துப்போவார். அவர் நல்லவர். அவரைத் தவிக்கவிட எனக்கு மனமில்லை."

அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. அதற்குக் கீழே இன்னும் இரண்டு மெயில் இருந்தது. நாங்கள் ஊர் திரும்பிய ஒரு வாரத்தில் தெரேசா எழுதியிருக்கிறார். "நீங்கள் முதலில் கேட்டிருந்த அதே வாரத்தில், மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு என் கேட்டுக்கு வெளியே நின்றது நீங்களா? கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் ஹாரன் சத்தம் கேட்டது, நீங்கள் ஓடிவிட்டீர்கள்." உன் அம்மாவின் பதில் இரண்டே வரி. "நான்தான். நீங்கள் சொன்ன மாதிரியே நாற்காலிகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்க வந்தேன், இருக்கின்றன."

லேப்டாப் பையிலேயே உன் ஏழாம் வகுப்பு சயின்ஸ் நோட்டு ஒன்று இருந்தது. முன் பக்கத்தில் நீ வரைந்த எரிமலை, சிவப்புக் கிரேயான் இன்னும் கையில் ஒட்டுகிறது. மீதிப் பக்கங்களை வீணாக்காமல் உன் அம்மா பின்னாலிருந்து எழுதியிருக்கிறாள். முதல் நாள் வந்து சேர்வது, தூங்குவது. இரண்டாம் நாள் கடல் ஓரப் பாதை, மெதுவாக, அவருக்கு ஷூ வாங்க வேண்டும். மூன்றாம் நாள் எதிர்த் தீவுக்குப் படகு. நான்காம் நாள் என்று எழுதி, அதற்கு எதிரே "ஒன்றும் இல்லை, சும்மா" என்று இருக்கிறது. ஐந்தாம் நாளில், "திராட்சை ரசம், ஒரே கிளாஸ், இரண்டு பேருக்கும். அவரிடம் கேட்க வேண்டும்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். அவள் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். கிண்டல் செய்திருப்பேன், மறுநாள் பாலுவிடமும் சொல்லிச் சிரித்திருப்பேன். அதனால்தான் அவள் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் உன் "ஷ்யூர்" எனக்குப் புரிந்தது. நீ வெண்டைக்காய் தொடமாட்டாய், கோபம் வந்தால் கதவை அடித்துச் சாத்துவாய், அதெல்லாம் என்னைக் கொண்டு பிறந்தது. ஆனால் உனக்கு வேண்டியதை ஒருவர் பிடுங்கும்போது, அவர் முகம் வாடக் கூடாது என்று விட்டுக்கொடுக்கிற அந்தக் குணம் அவளுடையது. உடனே சம்பந்தியைக் கூப்பிட்டேன். "வேன் வேண்டாம் சம்பந்தி." அவர் பதறிப்போனார். "ஏன் சம்பந்தி, எங்க பக்கம் ஏதாவது தப்பாயிடுச்சா?" அப்படியெல்லாம் இல்லை, பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் போகட்டும் என்றேன். "பத்து நாள் ரெண்டே பேர்னா போர் அடிச்சுடுமே" என்றார். "அடிக்கட்டும். அதுக்கும் பழகிக்கட்டும்" என்றேன். அவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க வீட்லயும் இதையேதான் சொன்னா. நான்தான் காதுலயே வாங்கல" என்றார். போய்ச் சம்பந்தியம்மாவிடம் இன்னொரு தரம் பேசுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகவே நீங்கள் இரண்டு பேர் மட்டும் போய் வாருங்கள். அம்மா சந்தோஷமாக இருந்த இடம் என்று நினைத்துக்கொண்டு போகாதே. அம்மா ஆசைப்பட்ட இடம் என்று நினைத்துக்கொண்டு போ. மலை ஏறுவதென்றால் வானிலை பார்த்துவிட்டு ஏறு, அங்கே ஒரே நாளில் வெயில், மழை, மூடுபனி எல்லாம் வரும். மழைக்கோட்டு இல்லாமல் கிளம்பாதே. திராட்சை ரசம் குடிப்பதும் குடிக்காததும் உங்கள் இஷ்டம், எனக்குப் படம் அனுப்ப வேண்டாம். பவித்ரா ஏதாவது கேட்டு, நீ ஒன்று சொல்லி, அவள் "சரி" என்றோ "ஃபைன்" என்றோ சொன்னால், அங்கேயே நின்று இன்னொரு தரம் கேள். அவள் எரிச்சல்பட்டாலும் பரவாயில்லை. நீயும் அவளிடமோ என்னிடமோ அப்படிச் சொல்லித் தப்பிக்காதே. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். நான் முகம் வாடுவேன், இரண்டு நாளில் சரியாகிவிடுவேன். உன் அம்மா ஒரே ஒரு தரம் அப்படிச் சொல்லி என்னை வாடவிட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இதற்கும் அவள் மேலேயே பழி போடுகிறேன் பார். கேட்டிருக்க வேண்டியது நான்.

தெரேசாவுக்கு ஒரு மெயில் எழுதினேன். அதே மெயிலுக்குக் கீழே, அன்று ஹாரன் அடித்தவன் நான்தான் என்று ஆரம்பித்து, உமா இப்போது இல்லை என்பதையும் எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, இருந்தாலும் வீட்டை இன்னும் வாடகைக்கு விடுகிறாராம். நாற்காலிகளில் ஒன்றுக்குக் கால் மாற்றியிருக்கிறாராம். அந்த வீட்டை உங்களுக்கு எடுத்துக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் கை பரபரத்தது. உடனே தெரிந்தது, இதுவும் இன்னொரு மஞ்சள் டீ-ஷர்ட்தான். உங்கள் இடத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். அந்த வீட்டை அக்டோபரில் எனக்காகக் கேட்டிருக்கிறேன். ஆறு நாள், ஒரு ஆள். தனியாகப் போகாதீர்கள், நானும் வருகிறேன் என்று நீ சொல்வாய். உன் நல்ல மனசுக்கு நீ சொல்லாமல் இருக்கமாட்டாய். வராதே, அஷ்வின். பாலு அங்கிளிடமும் சொல்லவில்லை. ஷூ மட்டும் வாங்கிவிட்டேன்.

போவதற்கு முன்னால் பழகிக்கொள்ள வேண்டும் என்று, தினமும் சாயங்காலம் டி.வி.யை அணைத்து, போனை மாடியில் வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உன் அம்மாவின் நாற்காலிக்கு எதிரே உட்காருகிறேன். பேசுவதில்லை, ஒன்றும் செய்வதில்லை. முதல் நாள் நான்கு நிமிடத்தில் எழுந்துவிட்டேன். காரணமே இல்லாமல் குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். பிறகு ஏழு, பதினொன்று என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நேற்று வாசலில் மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. நேற்று இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

உன் அம்மா கேட்டது ஆறு நாள்.

அப்பா